கரையில் நிற்பவர் யார்?

கோடை விடுமுறை நெருங்கினால் கயத்தாறு, கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்: பிள்ளைகளை ஒரு நாளாவது வாட்டர் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போக வேண்டும். மதுரை பரவைப் பக்கம் உள்ள அதிசயமா, கன்னியாகுமரி பேவாட்சா என்று தொடங்கும் அந்தப் பேச்சு, வேன் வாடகை, நுழைவுச்சீட்டு, கட்டுச்சோறா கடைச்சோறா, விடியலில் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று நீண்டுகொண்டே போகும். கயத்தாற்றிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். நான்குவழிச் சாலை இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகப் போய்விடலாம். இவ்வளவையும் கணக்குப் போடுகிற குடும்பங்கள் ஒன்றை மட்டும் பேசாமல் விட்டுவிடுகின்றன. பிள்ளைகள் தண்ணீருக்குள் இருக்கும்போது கரையில் நின்று அவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கப் போவது யார்? எந்த ஊர், எந்த நாள், எத்தனை பேர் என்பதையெல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

இந்தக் கேள்வி எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் கரிசல் காட்டில் அதற்குக் கனம் கூடுதல். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 650 மி.மீ. அளவில்தான், மாநிலச் சராசரியோ 900 மி.மீ.-ஐத் தாண்டும். கிடைக்கிற மழையிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். கண்மாயில் தண்ணீர் நிற்பது சில மாதங்கள். மற்ற மாதங்களில் அது சீமைக்கருவேலங்காடு. ஒரு காலத்தில் இந்தக் குறையைக் கிணறுகள் ஈடுசெய்தன. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, அப்பாவோ மாமாவோ படிக்கட்டில் நின்று பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் கிணற்றில்தான் நீச்சல் பழகினார்கள். போர்வெல் வந்து நிலத்தடி நீர் கீழே போனதும் பல கிணறுகள் வறண்டன, பல தூர்ந்தன. இன்று இந்த வட்டாரத்தில் வளரும் ஒரு பத்து வயதுப் பிள்ளை கழுத்தளவு நீரை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்ப்பது பெரும்பாலும் கட்டணம் கட்டி நுழையும் ஒரு குளத்தில்தான். ஆற்றங்கரைப் பிள்ளைக்கு இருக்கும் பயமும் இதற்கு இருக்காது, பழக்கமும் இருக்காது. இரண்டும் இல்லாத பிள்ளையைத்தான் நாம் அங்கே கூட்டிப் போகிறோம்.

இந்தியாவில் 2022-இல் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆறு, குளம், கிணறு, கடலில் நேர்ந்தவை. பூங்காக்களின் பங்கு மிகச் சிறியதாகவே இருக்கும். அதனால்தான், "பூங்காவில் லைஃப் கார்டு நிற்கிறார், நாம் வேறு எதற்கு?" என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். நல்ல பூங்காவில் ஒவ்வொரு குளத்துக்கும் ஆள் இருப்பார், சறுக்குகளுக்கு உயர வரம்பு இருக்கும், மிதவைச் சட்டை கிடைக்கும். ஆனால் லைஃப் கார்டு பார்ப்பது ஒரு பரப்பை. உங்கள் பிள்ளையை அல்ல. அவர்களுக்கான பயிற்சியில் உலகெங்கும் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல் ஒன்று உண்டு: தன் பகுதியில் ஆபத்தை 10 நொடிக்குள் கண்டுகொள்ள வேண்டும், அடுத்த 20 நொடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். மே மாத ஞாயிற்றுக்கிழமை, அலைக்குளத்தில் நூற்றுக்கணக்கான தலைகள், மேலே வெயிலின் கூச்சம், ஒலிபெருக்கியில் பாட்டு, அலை வரும்போதெல்லாம் எல்லோரும் கத்துகிறார்கள். இந்த நிலையில் அந்த அளவுகோலைக் காப்பது எவ்வளவு தேர்ந்த ஆளுக்கும் கடினம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று சினிமா நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. உண்மையில் மூச்சுக்குத் தவிக்கிற குழந்தையால் கத்த முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், பார்ப்பவருக்கு விளையாடுவது போலத்தான் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம் கழிந்தால் மூளைக்கு ஏற்படும் சேதம் திரும்பாது. நூறு பேரின் கூச்சலுக்கு நடுவே ஒரு பிள்ளை திடீரென அமைதியாவதை அந்தப் பிள்ளையைத் தெரிந்தவரால்தான் உடனே கவனிக்க முடியும். அதனால்தான் லைஃப் கார்டு இருந்தாலும் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்கிறேன். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. ரீல்ஸ் எடுப்பதும் காவல் அல்ல. கேமரா பார்க்கிற இடத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்ப்பதில்லை.

சரி, கரையில் ஒருவர் வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் அந்த வேலை யார் தலையில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் தலையில். ஏற்கெனவே நடப்பதும் அதுதான். எந்தப் பூங்காவிலும் பைகளையும் செருப்புகளையும் ஈரத் துண்டுகளையும் சுற்றி வைத்துக்கொண்டு சேலையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களுக்கும் முழுக் கட்டணம்தான். கோவில்பட்டி வட்டாரத்தில் இது இன்னும் உறுத்தலான விஷயம். இங்கே தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எண்ணிக்கைக் கூலிக்கு உட்கார்ந்து கை ஓயாமல் வேலை பார்க்கிறவர்கள். மானாவாரிக் காட்டில் களையெடுப்பதும் பருத்தி எடுப்பதும் மிளகாய்ப் பழம் பறிப்பதும் அவர்களே. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற அந்த ஒரே நாளிலும் அவர்கள் பையைக் காப்பது என்ன நியாயம்? மேலும், பையைக் காப்பதும் பிள்ளையைக் காப்பதும் ஒன்றல்ல. மூட்டையருகே உட்கார்ந்திருப்பவருக்கு அலைக்குளம் தெரியவே தெரியாது. ஆகவே காவலை முறை வைத்துப் பிரிக்க வேண்டும். அப்பா, சித்தப்பா, அத்தை, கல்லூரி போகிற அக்கா என்று வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம். முறை மாறும்போது வாய்விட்டுச் சொல்லி மாற வேண்டும்: "இனிமேல் நீ பார்த்துக்கோ." எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில்தான் யாருமே பார்க்காமல் போவது. பைக்கு லாக்கர் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் வாடகை இந்த நாளின் மிக நல்ல செலவு.

அம்மா தண்ணீரில் இறங்குவதற்கு உடைதான் தடை என்றால் அதையும் முன்கூட்டியே பேசித் தீர்க்கலாம். பருத்தித் துணியில் இறங்க விடமாட்டார்கள் என்பது வெறும் கெடுபிடி அல்ல. நனைந்த பருத்தி கனத்து உடலை இழுக்கும். அதன் நூலும் பிசிறும் வடிகட்டியை அடைக்கும். துப்பட்டாவும் முந்தானையும் சறுக்கில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. முழங்கை வரை கையும் கணுக்கால் வரை காலும் மூடிய நைலான் உடை ஜவுளிக்கடைகளில் கிடைக்கிறது. கூச்சத்தைக் காரணம் காட்டிப் பெண்களைக் கரையிலேயே நிறுத்தி வைத்ததன் விளைவு, பிள்ளை தத்தளித்தால் இடுப்பளவு நீரில்கூட இறங்கத் தயங்கும் தாய்மார்கள்.

காவலை முதலில் வைத்துவிட்டால் மற்றவை தாமாக ஒழுங்குபடும். வளர்ந்தவர் நான்கு பேர் இருந்தால் எத்தனை பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்பது தெரிந்துவிடும். வாடகை பங்கு குறையும் என்பதற்காக வேன் நிறையத் தெருப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் அத்தோடு நிற்கும். கூட்டம் காவலுக்கு எதிரி என்பதால் மே மாத ஞாயிறு தள்ளுபடியாகும். கரிசலில் உளுந்தும் பாசியும் தையில் வீடு வந்துவிடும், பருத்தியும் மிளகாயும் மாசி, பங்குனியில் காசாகும். பள்ளித் தேர்வு முடிந்த கையோடு சித்திரைத் தொடக்கத்தில் ஒரு வேலைநாளில் போவதே நல்லது. காலை திறக்கும்போது நுழைந்து, உச்சி வெயிலில் நிழலில் சாப்பிட்டு ஓய்வெடுத்து, களைப்பு ஏறும் முன் மூன்றரை நான்குக்குக் கிளம்பிவிடலாம். களைத்த பிள்ளைதான் சறுக்கி விழுகிறது, களைத்த ஓட்டுநர்தான் கண்ணயர்கிறார். தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை: குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் குளம் சுத்தம் என்று பொருளல்ல. வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் பொருளின் வாடைதான் அது. இறங்கும் முன் குளிக்கச் சொல்வது அதற்காகத்தான். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை அழைத்து வராதிருப்பது ஊருக்கே செய்யும் உதவி. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, குளோரின் கலந்த நீரிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

இதற்கெல்லாம் இவ்வளவு பணமும் பாடும் எதற்கு, பக்கத்தில் குற்றாலம் இருக்கிறதே என்பார்கள். நுழைவுச்சீட்டு மீதான ஜிஎஸ்டி 2018 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்த பிறகும், நாலு பேர் போய்வர ஆயிரக்கணக்கில் ஆகிறது என்பது உண்மை. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் அது பெரிய தொகை. குற்றாலத்தின் அழகுக்கோ, அங்கே கிடைக்கும் குளிர்ச்சிக்கோ எந்தப் பூங்காவும் ஈடில்லை என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அருவி கூடுதல் பாதுகாப்பானது என்ற நினைப்பை ஏற்க முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில், மலைமேல் பெய்த கோடை மழை திடீர் வெள்ளமாக இறங்கி, 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. கீழே நின்றவர்களுக்கு அது வரப்போவது தெரியவில்லை. பூங்காவில் ஆழம் எழுதி வைக்கப்பட்டிருக்கும், அருவியில் மலை எதையும் எழுதி வைப்பதில்லை. குற்றாலத்துக்குத்தான் போவது என்று முடிவானாலும் கரையில் நிற்கும் ஆளுக்கான தேவை குறையாது. அவர் மலைப் பக்கத்து வானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. குடத்துக்குக் காத்திருந்து வளர்ந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் தண்ணீரைக் கொட்டி விளையாடப் போவது சரியா? இதை உணர்ச்சியோடு நிறுத்தாமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு லிட்டர். வெயில் நாளில் 6 மி.மீ. ஆவியாவதாகக் கொண்டால், ஆயிரம் சதுர மீட்டர் குளம் நாளொன்றுக்கு 6,000 லிட்டரை இழக்கும். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான தலைக்கு 55 லிட்டரின்படி அது 109 பேரின் ஒருநாள் தண்ணீர். வடிகட்டியைக் கழுவும் நீர் இதற்கு மேல். சிறிய தொகை அல்ல. அதனால் கோவில்பட்டி வட்டாரத்தில் போர்வெல்லை நம்பி யாரேனும் பெரிய பூங்கா கட்ட முன்வந்தால் நான் எதிர்ப்பேன்; சீவலப்பேரியிலிருந்து குழாய் போட்டுத் தாமிரபரணியைக் கொண்டுவந்து குடிக்கும் ஊர் இது. அதே கணக்கை 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு நீச்சல்குளத்துக்குப் போடுங்கள். ஆவியாவது நாளுக்கு 1,900 லிட்டருக்குள். அந்தச் செலவில் வட்டாரத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து மிதக்கக் கற்றுக்கொள்ளலாம். அது வீணடிப்பு ஆகாது.

இதைச் சொல்லக் காரணம், பூங்காவிலிருந்து திரும்பிய பிறகு வரும் ஆபத்து. முழங்காலளவு நீரில் அலையோடு குதித்து, மிதவைச் சட்டையோடு மிதந்து வந்த பிள்ளைக்குத் தண்ணீர் தெரியும் என்ற எண்ணம் உண்டாகிறது. ஆறு மாதத்தில் ஐப்பசி மழை பெய்து ஊர்க் கண்மாய் நிரம்புகிறது. அங்கே அடி சமதளம் இல்லை. வண்டலும் கரம்பையும் அள்ளிய குழிகள் நீருக்கடியில் கிடக்கின்றன, கரிசல் சேறு காலைக் கவ்விக்கொள்கிறது, கரை வழுக்குகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் கொட்டியதைப் போல, இந்த மாவட்டத்தின் வறண்ட நிலம் சில மணி நேரத்தில் வெள்ளக்காடாகவும் மாறும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும், பாதுகாப்பாகக் காப்பாற்றும் முறையும், பார்த்து நிற்பவர்களுக்கு முதலுதவியும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நீரில் மூழ்கும் இறப்புகளைத் தடுப்பதற்கான செயல்திட்டத்தை மத்திய சுகாதாரத் துறையும் 2023 டிசம்பரில் வெளியிட்டது. அது கயத்தாறு பேரூராட்சிக்கும் கோவில்பட்டி நகராட்சிக்கும் வந்து சேர வேண்டும்.

அது எட்டாத ஆசை என்று நான் நினைக்கவில்லை. கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை ஹாக்கி மைதானமும் ஹாக்கி விடுதியும் வந்தன. 2022 ஆசியக் கோப்பையில் ஆடிய இந்திய அணியில் இந்த ஊரின் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். ஹாக்கிக்குத் திரண்ட அதே அக்கறை நீச்சலுக்கும் திரளட்டும்: அரசுப் பள்ளிகள் முறை வைத்துப் பயன்படுத்தும் ஒரு பொதுக் குளம், சம்பளத்தோடு நிரந்தரமான பயிற்சியாளர்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள், வாரத்தில் இரண்டு மாலைகள் தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வரும் அம்மாக்களுக்கு மட்டும்.