நகர வாழ்வும் மன அமைதியும்

விழா மலரொன்றிலே கல்லூரியின் கட்டிடங்களையும், பரீட்சைப் பெறுபேறுகளையும், விளையாட்டு வெற்றிகளையும், பழைய மாணவர் எய்திய பதவிகளையும் பற்றிப் படிப்பதற்கே நாம் பழகியுள்ளோம். அவையெல்லாம் பேசத்தக்கனவே. ஆயினும், பதவி எய்தியவர் இரவில் நிம்மதியாக உறங்குகின்றாரா என்னும் வினாவை எம் மலர்கள் எழுப்புவதில்லை. அவ்வினாவை இம்மலரிலே எழுப்ப விரும்புகின்றோம்.

எம் கல்லூரியிற் பயின்றோரிற் பலர் இன்று நகரவாசிகள். கடல்கடந்த நகரங்களிலே குடியேறியோரும் உளர். எனினும் நமக்கு நன்கு பழக்கமான கொழும்பையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் குடும்பத் தலைவர் ஒருவரின் நாள் எவ்வாறு கழிகின்றது? விடியுமுன் எழுந்து பிள்ளைகளைப் பாடசாலை வாகனத்தில் ஏற்றுகின்றார். காலி வீதியின் நெரிசலிலே பேருந்தில் நின்றபடி அலுவலகம் சேர்கின்றார். மாலையிலும் அதே நெரிசல். பின்னர்ப் பிள்ளையைத் தனியார் கல்வி நிலையத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். இரவுணவுக்கு அமரும் வேளையிலே கையடக்கத் தொலைபேசியில் மேலதிகாரியின் கட்டளை வந்து நிற்கின்றது. அலுவலகக் கதவைப் பூட்டியதும் வேலை முடிந்த காலம் போய், அலுவலகமே சட்டைப்பையில் ஏறி வீட்டுக்கு வரும் காலம் வந்துவிட்டது. தொழில் புரியும் பெண்களுக்கோ இச்சுமையோடு அடுக்களைச் சுமையும் சேர்கின்றது.

இவற்றுக்குமேற் பொருட்சுமை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை எவரும் மறந்திரார். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். நாளொன்றுக்குப் 13 மணிநேர மின்வெட்டையும் கண்டோம். அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண், ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 69.8 சதவீதம் உயர்ந்து நின்றது. விலையேற்றத்தின் வேகம் பின்னர்த் தணிந்ததாயினும், ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. 1983ஆம் ஆண்டின் ஆடி மாதத்தைக் கொழும்பிலே கடந்துவந்த மூத்தோரின் உள்ளத்தில் அதன் அச்சம் இன்னும் உறைந்திருப்பதையும் நாம் அறிவோம்.

மனத்தின் சுமை மனத்தளவில் நிற்பதன்று. வழியிலே பாம்பைக் கண்டவனுக்கு நெஞ்சு படபடக்கின்றது, மூச்சு விரைகின்றது, தசைகள் முறுக்கேறுகின்றன. அதிரீனல் சுரப்பிகள் சொரியும் ஓமோன்களே இதற்குக் காரணம். ஓடித் தப்புதற்கு இயற்கை அளித்த ஏற்பாடு இது. பாம்பு போனதும் உடல் அடங்கிவிடும். நகரவாசியின் பாம்போ போவதேயில்லை. கடன் தவணையும், வாடகையும், வேலை பறிபோகுமோ என்னும் ஐயமும் நாள்தோறும் வழிமறிக்கின்றன. இடையறாத நெருக்குதல் உடலையே தேயச் செய்யும் என்பதை ஆன்சு செலியே என்னும் அறிஞர் 1936ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து உணர்த்தினார். வாரத்தில் 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணிநேரம் உழைப்போரைவிடப் பாரிசவாத ஆபத்து ஏறக்குறைய 35 சதவீதம் அதிகம் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021ஆம் ஆண்டிலே கணித்தன.

“எம் தந்தையர்க்குத் துன்பம் இல்லையா? அவர்கள் தாங்கவில்லையா?” எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அன்று கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கச் சென்ற இளைஞர் பலர் ‘சமறி’ எனப்பட்ட கூட்டுக் குடியிருப்புகளிலே வாழ்ந்தனர். சம்பளம் சொற்பம், இடமும் நெருக்கம். ஆயினும் ஒரே கறியைப் பகிர்ந்துண்டு, மேலதிகாரியைத் திட்டிச் சிரித்து, ஊர்க்கடிதத்தை உரக்கப் படித்து உறங்கினர். இன்று தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வாழ்பவர்க்கு எதிர்வீட்டாரின் பெயரே தெரியாது. நகரம் அன்றும் நகரமே. துன்பத்தைச் சொல்லுதற்கு அன்று ஆள் இருந்தது, இன்று இல்லை.

ஆதலாற் கிராமத்துக்குத் திரும்புவதே மருந்து என நாம் கூறவில்லை. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்னும் உச்சத்தை எட்டியது. அத்துயரின் பெரும்பங்கைச் சுமந்தவை கிராமங்களே. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் பாதிக்கும் கீழாக இறங்கிற்று. தலைவிதி எனக் கருதப்பட்டதும் தடுக்கக்கூடியதே என்னும் பாடத்தை இதிலிருந்து நாம் கற்கலாம்.

அவ்வாறாயின் நம்மைத் தடுப்பது யாது? வெட்கமே. காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் ஓடுகின்றோம். மனம் சோர்ந்தால் மறைக்கின்றோம். ‘விசர்’ என்னும் சொல்லையும் ‘அங்கொடை’ என்னும் ஊர்ப்பெயரையும் நாம் எவ்வளவு எளிதாக ஏளனத்துக்கு வழங்குகின்றோம்! மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமென அஞ்சித் தாயின் நோயை ஒளிக்கும் குடும்பங்கள் எத்தனை! 1998ஆம் ஆண்டுவரை தற்கொலை முயற்சி இந்நாட்டிலே தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. சட்டம் மாறிவிட்டது, நம் நாவு மாறவில்லை. “கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகும்” என்பாரும் உளர். வழிபாடு மனத்தை ஆற்றும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நீரிழிவு வந்தவர் கும்பிடவும் செய்கிறார், மருந்தும் எடுக்கிறார். மனநோய்க்கு மட்டும் ஏன் வேறு நீதி?

இவ்வெட்கத்தை வளர்த்ததில் நமக்கும் பங்குண்டு. நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம் ஒன்றுகூடல்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கல்லூரிப் பற்று நீங்கியதென நாம் குறைகூறினோம். அவர் வேலையிழந்திருந்தார் என்பதும், “இப்போது எங்கே வேலை? பிள்ளைகள் எந்த நாட்டில்?” என்னும் நம் முதற் கேள்விகளுக்கு அஞ்சியே வராதிருந்தார் என்பதும் பின்னரே தெரியவந்தன. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்க்கு நாம் ஒரு பரீட்சை மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தோம். துன்பத்தைத் தாங்கக் கல்லூரி நமக்குக் கற்பித்தது, அதற்கு நன்றியுடையோம். தாங்குதல் வேறு, மறைத்தல் வேறு என்பதை மட்டும் நாம் கற்கத் தவறிவிட்டோம்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாரிடம் சிலவற்றை வேண்டுகின்றோம். எம்மவருள் மருத்துவரும் உளவளத் துணையாளரும் உளர். இரகசியம் காத்து ஆலோசனை கூற இசைவோரின் பட்டியலொன்றைச் சங்கம் வைத்திருத்தல் வேண்டும். மேடையும் மாலையும் சொற்பொழிவும் இல்லாத சந்திப்பொன்று மாதந்தோறும் நிகழட்டும். தொழில் நடத்தும் பழைய மாணவர், மாலைக்குப்பின் ஊழியரைத் தொலைபேசியில் துரத்துவதில்லை என உறுதிகொள்வாராக. அக்கட்டளைகளை அனுப்புவோரிலும் நம்மவர் உளர் அன்றோ! ஆசிரியப் பெருமக்கள், புள்ளி குறைந்த மாணவனை அழைத்துப் பேசும்போது அவன் உறங்கினானா, உண்டானா என்பதையும் கேட்பாராக.

உதவி நாடுவோர்க்கு வழியும் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகின்றது. 1974ஆம் ஆண்டிலே தொடங்கிய சுமித்திரயோ அமைப்பு, துயருற்றோர் சொல்வதைத் தீர்ப்புக் கூறாது செவிமடுத்து வருகின்றது. அரச வைத்தியசாலைகளிலே உளமருத்துவப் பிரிவுகளும் உள்ளன. இவற்றை நாடுதல் இழுக்கன்று.

இவ்விழாவுக்குப் பலர் வருவர். மண்டபத்தின் பின்வரிசையிலே ஒதுங்கி நிற்கும் ஒருவரை நீங்கள் காணக்கூடும். அவரிடம் பதவியைக் கேளாதீர்கள். “சுகமாக இருக்கிறீரா?” என்று கேளுங்கள், கேட்டபின், மறுமொழி வரும்வரை நில்லுங்கள். அதைவிடச் சிறந்த விழாக் கொண்டாட்டம் நம் கல்லூரித் தாய்க்கு வேறில்லை.