ஒரு டாலர் தந்த பாடம்

"அறிவு தனிச் சொத்தாகாவிட்டால் எவன் ஆராய்ச்சி செய்வான்?" என்று கேட்கின்றனர், மருந்துக் கம்பெனிகளுக்காகப் பேசும் மேதாவிகள். இதற்கு நாம் பதில் கூற வேண்டியதில்லை. நீரிழிவு நோய்க்கான இன்சுலின் மருந்தின் வரலாறே பதில் கூறும்.

கனடா நாட்டு டொரண்டோ பல்கலைக் கழகத்தில், 1921ஆம் ஆண்டு, பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து சாறு எடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் 14 வயதுச் சிறுவனுக்கு அதை ஊசி மூலம் செலுத்தினர். தக்க பயன் இல்லை. காலிப் என்ற இரசாயன நிபுணர் சாற்றைத் தூய்மைப்படுத்தினார். 23ஆம் நாள் மீண்டும் போட்டனர், சிறுவன் தேறினான்!

ஆனால் நடந்தது என்ன? அதிக அளவில் செய்யப் புகுந்தபோது, மருந்தைச் செய்த காலிப்புக்கே பக்குவம் கைநழுவிற்று! ஆலையில் உழைக்கும் தோழர்களுக்கு இது வியப்பாக இராது. இயந்திரத்தின் படம் மட்டும் போதுமா? ஓட்டிப் பழகிய கை வேண்டாமா? கண்ணுக்குத் தெரியாத அந்தக் கைப்பக்குவமன்றோ பெருஞ்செல்வம்!

பலர் கூடி உழைத்தே அதை மீட்டனர். அமெரிக்காவின் லில்லி கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தது. அங்கே வால்டன் என்பவர் கண்ட முறையால் மருந்து தூய்மையாகவும் ஏராளமாகவும் கிடைத்தது. இது ஒருவர் மூளையின் விளைச்சலா? அல்ல, பலர் அறிவும் பலர் உழைப்பும் சேர்ந்த விளைச்சல்.

1923 ஜனவரியில் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலைக்கு ஒரு டாலர் பெற்றுப் பேட்டண்ட் உரிமையைப் பல்கலைக் கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். பல்கலைக் கழகம் அதைத் தெருவில் எறியவில்லை. செய்ய வல்லவர்க்கு அனுமதி தந்தது. மருந்தின் வீரியத்தைச் சோதித்தது. டென்மார்க் விஞ்ஞானி க்ரோக் நேரில் வந்து அனுமதி பெற்றுச் சென்றார். அடுத்த ஆண்டே அவர் நாட்டிலும் இன்சுலின் தயாரானது. உரிமை அங்கே பயிரைக் காக்கும் வேலி; வழியை மறிக்கும் சுவரன்று.

இன்றோ? உலக இன்சுலின் வாணிபத்தின் பெரும்பகுதி மூன்றே கம்பெனிகளின் கையில்! நூறு ஆண்டு கடந்தும், காசில்லாத நோயாளி ஊசியைத் தவறவிடும் அவலம் தீரவில்லை.

கம்பெனிகளோடு கூட்டே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியாயின், ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்: உரிமை பொது நிலையத்திடம் இருக்கும், செய்முறையும் பக்குவமும் பிறருக்குக் கற்பிக்கப்படும், விலை ஏழைக்கு எட்டும். இம்மூன்றும் இல்லாத கூட்டு, கூட்டன்று, கொள்ளை!