வளைந்ததை நிமிர்த்தலாமா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டனர் நம் முன்னோர். ஐம்பது வயதான மோட்டார் சைக்கிளின் முன் குழாய்கள் ஒரு நொடியில் வளைந்துவிடுவதை அவர்கள் கண்டிலர். இருளில் மதகிலே மோதினாலும், குறுக்கே வந்த மாட்டை விலக்கப்போய் மதிலிலே பாய்ந்தாலும், முதலில் வளைவன அக்குழாய்களே. வளைந்தபின் எழும் வினா ஒன்றுதான்: நிமிர்த்திக்கொள்ளலாமா, அன்றி மாற்றத்தான் வேண்டுமா? பல இல்லங்களில் இதற்கு விடை சொல்வது பணப்பை. பணப்பையைக் கேட்குமுன் உருக்கு என்ன சொல்கிறது என்று கேட்பது நன்று. இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

முன் சில்லின் இருபுறமும் நின்று அதனைத் தாங்கும் இரட்டைக் கால்களை ‘ஃபோர்க்’ என்பர். ‘முன் ஷொக்’ என்பாரும் உளர். ஒவ்வொரு காலும் ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும் இரு குழாய்களாலானது. மேலேயுள்ள மெல்லிய குழாய் உருக்கு. பளபளக்கும் கடினக் குரோமியப் பூச்சுடையது. கீழேயுள்ள தடித்த குழாய் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகம். அதன் அடியிலே சில்லின் அச்சுப் பொருந்தும். உள்ளே சுருள்வில்லும் ஒயிலும் உண்டு. குழியில் விழும் அதிர்ச்சியை வில் ஏற்கும்; சிறு துளைகளினூடாக நெருங்கிச் செல்லும் ஒயில் வில்லின் துள்ளலை அடக்கும். ஒயிலால் அதிர்வடக்கும் இவ்வமைப்பை விற்பனை வண்டிகளிலே முதன்முதற் கொணர்ந்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், ஆண்டு 1935. இங்கிலாந்தின் மச்லெஸ் நிறுவனம் 1941 இல் தனது இராணுவ வண்டியாகிய ஜி3எல்லில் இத்தகைய குழாய்களைப் பொருத்தியது. பின்னர் உலகெங்கும் இதுவே வழக்காயிற்று. எல்லா வண்டிகளும் இவ்வாறல்ல. 1958 இல் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப்பின் முன்புற அமைப்பு வேறு. இங்கே நாம் கூறுவது வழுக்கும் குழாய்களையுடைய வண்டிகளுக்கே.

உருக்குக் குழாயை மேலே இரு பிடிகள் பற்றியிருக்கின்றன. கீழ்ப்பிடிக்குக் கீழே குழாய்க்கு வேறு துணையில்லை. ஆகவே சில்லின் மீது வரும் மோதல் நெம்புகோல்போல் நின்று, கீழ்ப்பிடியின் வாயருகே குழாயை ஒடிக்க முயல்கிறது. வளைந்த குழாய்களைப் பார்ப்போர் வளைவைப் பெரும்பாலும் அவ்விடத்திலேயே காண்பர். மோதலின்போது மட்டுமன்று, ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அவ்விடம் உழைக்கிறது. மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டியும் அதிலேறிய இருவரும் சேர்ந்து 250 கிலோகிராம் என்க. வேகம் செக்கனுக்குச் செக்கன் 4 மீற்றர் வீதம் குறையுமாறு நிறுத்த வேண்டுமாயின் 1,000 நியூற்றன் விசை தேவை. இஃது ஏறத்தாழ 100 கிலோகிராம் மூட்டையொன்றின் பாரம். பிரேக் பிடிக்கையில் சுமை முன்னோக்கிச் சாய்வதால், இவ்விசையின் பெரும்பங்கு முன் சில்லின் வழியே குழாய்களைப் பின்னோக்கி வளைக்க முயல்கிறது. பின்னிருக்கையிற் பிள்ளையை வைத்துக்கொண்டு பாடசாலைக்குச் செல்லும் தந்தையின் நம்பிக்கை முழுவதும் அவ்விரு குழாய்களின் மீதே இருக்கிறது.

எனினும், விழுந்த வண்டியின் ஹாண்டில் ஒருபுறம் திரும்பி நிற்கக் கண்டவுடன் குழாய் வளைந்தது என்று தீர்த்துவிடலாகாது. பல வேளைகளிற் குழாய்கள் நேராகவே இருக்கும். பிடிகளுக்குள்ளே சற்று முறுகியிருக்கும். பிடிகளின் போல்ட்டுகளையும் சில்லின் அச்சையும் தளர்த்தி, முன் சில்லை முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்து, ஹாண்டிலை நேர்ப்படுத்தி, முன்புறத்தைச் சிலமுறை அமுக்கிவிட்டு மீண்டும் முறைப்படி இறுக்கினால் அக்குறை தீரும். இவ்வளவில் தீரக்கூடியதற்குப் புதிய குழாய் வாங்குவோரும் உளர். வளைந்தே இருப்பதை இவ்வாறு திருப்பிவிட்டுத் தீர்ந்தது என்போரும் உளர். இரண்டும் தவறு. அளந்தறிதலே வழி.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. குழாயைக் கழற்றித் துடைத்துத் தடித்த கண்ணாடித் தட்டின் மீது உருட்டுக. நேரான குழாய் சீராக உருளும், வளைந்தது தள்ளாடும், அடியிலே வெளிச்சம் தோன்றித் தோன்றி மறையும். கண்ணாடி கிடையாதவிடத்து, இரு குழாய்களையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து ஒன்றை மெல்லச் சுழற்றினாலும் இடைவெளி காட்டிக்கொடுக்கும். நுட்பமாய் அறிய விரும்புவோர், குழாயின் இரு முனைகளையும் ‘வி’ வடிவத் தாங்கிகளில் வைத்து, நடுவிலே டயல் கேஜின் முனை தொட, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவர். முள் காட்டும் மொத்த அசைவிற் பாதியே உண்மை வளைவு. வளைவு ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக வருதலே காரணம். ஹொண்டா வண்டிகளின் கைநூல்கள் பலவற்றில் இதற்கு 0.20 மில்லிமீற்றர் எல்லையாகத் தரப்பட்டிருக்கின்றது. எழுதும் தாள்கள் இரண்டின் தடிப்பு அவ்வளவே. கண்ணுக்கு நேராகத் தெரிவது வேறு, நேராக இருப்பது வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வளைந்த உருக்கின் இயல்பைக் காண்போம். 1678 இல் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், இழுவிசைக்கேற்ப நீட்சி உண்டாகும் என்பதை வெளியிட்டார். நம் மாணவர்கள் இதனை ஊக்கின் விதி என்று கற்கின்றனர். அவ்விதி ஓர் எல்லை வரையிற்றான் செல்லும். அதுவே மீள்தன்மை எல்லை. எல்லைக்குள் வளைந்த உருக்கு, விசை நீங்கியதும் தன் பழைய வடிவை அடையும். எல்லை கடந்தால் வளைவு நிலைத்துவிடும். நம் குழாய் வளைந்தே நிற்கிறதெனின், அது தன் எல்லையைக் கடந்துவிட்டது என்பது தெளிவு.

அதனை நிமிர்த்த வேண்டுமாயின் எதிர்த்திசையிலே மீண்டும் எல்லையைக் கடத்தியாக வேண்டும். இங்கேதான் ஓர் இடர் மறைந்திருக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரிற் பேராசிரியராயிருந்த யோகான் பௌஷிங்கர், ஒரு திசையில் எல்லை கடந்து உருமாறிய உலோகம், எதிர்த்திசையில் முன்னையிலும் குறைந்த விசைக்கே இணங்கிவிடும் என்பதைச் சோதனைகளாற் காட்டினார். நம் குழாய்க்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். மோதல் அதனைப் பின்னோக்கி வளைத்தது. பட்டறை முன்னோக்கி வளைத்து நிமிர்த்திற்று. ஆகவே இப்போது அது குறைந்த விசைக்கு இணங்குவது பின்னோக்கிய திசையில். பிரேக்கும் குழியும் அடுத்த மோதலும் தள்ளுவதும் அத்திசையிலேயே. நிமிர்த்திய குழாய் பார்வைக்குப் புதிதுபோல் நிற்கும். பொறுமையிலோ முன்போல் இராது. மேலும், வளைந்து நிமிர்ந்த இடத்தில் நுண்ணிய வெடிப்புத் தோன்றியிருப்பின், நாள்தோறும் வரும் அதிர்வால் அது வளர்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியவுங்கூடும்.

அங்ஙனமாயின் நிமிர்த்தல் முற்றும் தகாததோ? தயாரிப்பாளர் சிலர் தம் கைநூல்களில் நிமிர்த்தவே வேண்டாம் என்று எச்சரிக்கின்றனர். பழைய வண்டிகளைப் புதுப்பிப்போரிடையே, சிறிய வளைவைக் குளிர் நிலையில் அழுத்தி நேராக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. குழாயின் உருண்டைக்கு ஏற்பக் குடையப்பட்ட தாங்கிகளில் வைத்து, ஐதரோலிக் அழுத்தியால் மெல்ல அமுக்கி, ஒவ்வோர் அமுக்கத்தின் பின்னும் அளந்து பார்த்தல் அம்முறை. உருக்குத் திரும்பத் துள்ளுமாதலால் நேருக்குச் சற்று அப்பால் வரை அமுக்க வேண்டும். அதற்குக் கைப்பழக்கம் தேவை. வளைவு நீண்டு மெலிதாயிருந்து, மடிப்போ நசிவோ சுருக்கமோ சிறிதும் இல்லாதபோது மாத்திரமே இதனை எண்ணலாம். விரலால் தடவும்போது ஒரு திருப்பம் தட்டுப்படின், அக்குழாய் பழைய இரும்புக்காரனுக்கே உரியது. தீச்சுவாலையாற் சூடாக்கி நிமிர்த்துவதோ எந்நிலையிலும் கூடாது. உருக்கின் பதமும் கெடும், பூச்சும் கெடும்.

பூச்சைப் பற்றியும் ஒரு சொல். கடினக் குரோமியம் வளைவைத் தாங்காது. நுண்ணிய பிளவுகள் விடும். பிளவினுள் ஈரம் புகுந்து துருப்பிடித்துப் பூச்சு உரியும். உரிந்த விளிம்பு ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் ஒயில் சீலைக் கிழிக்கும். வழியும் ஒயில் கீழே இறங்கி முன் பிரேக்கின் உட்புகுந்தால், பிடிக்க வேண்டிய நேரத்திற் பிரேக் வழுக்கும். சீலை மட்டும் மாதந்தோறும் மாற்றிக்கொண்டிருப்போர், குழாயைச் சோதிப்பது நன்று.

இவ்வளவும் கேட்டபின், ‘எங்கள் பட்டறைகள் எத்தனை குழாய்களை நிமிர்த்தியிருக்கின்றன, அவையெல்லாம் ஓடவில்லையா?’ என்று சிலர் வினவக்கூடும். நேர்மையான கேள்வியே. 1990 இற்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வரத் தடையிருந்த ஆண்டுகளில், மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மக்கள் நாம். வளைந்ததை நிமிர்த்தியும், தேய்ந்ததைக் கடைந்தும், இல்லாததைச் செய்தும் ஒரு தலைமுறைத் தொழிலாளர் நம் குடாநாட்டைச் சில்லின்மீது நிறுத்தினர். அவர்களின் கைத்திறனுக்கு நாம் தலைவணங்குகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கப்படும்வரை, பழைய வண்டியைப் பேணிக்கொள்வதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. ஆயினும், அக்காலத்தில் நிமிர்த்தியவர் வேறு குழாய் கிடையாமையால் நிமிர்த்தினர். கிடைக்கும் காலத்தில் நிமிர்த்துவது அதே செயலன்று. முன்னது வறுமையை வென்ற திறமை. பின்னது உயிரைப் பணயமாக வைத்துச் செய்யும் சிக்கனம். செயல் ஒன்றேயாயினும் காரணம் மாறினால் அதன் பெயரும் மாறும்.

மாற்றுவதானால் வழிகள் மூன்று. முதலாவது, புதிய குழாய். விட்டமும் நீளமும் துளைகளின் இடமும் பழையதோடு ஒத்திருக்கின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குதல் வேண்டும். ஒரே பெயருடைய வண்டியிலும் ஆண்டுக்காண்டு அளவு மாறுவதுண்டு. இரண்டாவது, கழித்த வண்டியின் குழாய். கொழும்புப் பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் இத்தகையவை விற்பனையாகின்றன. கழித்த வண்டி எதனாற் கழிந்தது என்பதை எண்ணிக்கொண்டு, பணம் கொடுக்குமுன் கடையிலேயே உருட்டிப் பார்த்துவிடுக. மூன்றாவது, எங்கும் கிடையாத அரிய வண்டிக்கு, உரிய வகை உருக்குக் குழாயிலிருந்து கடைந்து, கடினக் குரோமியம் பூசி, அளவுக்கு அரைத்துச் செய்வித்தல். நீர்க்குழாயிலிருந்து கடைந்து தருவேன் என்பாரிடம் வணக்கம் கூறி விடைபெறுதலே முறை.

ஒரு குழாய் மட்டும் வளைந்திருந்தால் ஒன்றை மாற்றினாலே போதும். ஆனால் மற்றதையும் அளந்து பார்க்காமல் விடலாகாது. இருபுறமும் புதிய சீல்களை இட்டு, இரண்டிலும் ஒரே வகை ஒயிலை ஒரே அளவில் ஊற்றுதல் வேண்டும். கீழ்ப்பிடி, அதன் நடுத்தண்டு, சில்லு, சட்டகத்தின் கழுத்து ஆகியவற்றையும் சோதிக்க. குழாயை வளைத்த மோதல் அதனோடு நின்றதென்பதற்கு உறுதியில்லை. கீழ்ப்பிடி கோணியிருக்கையிற் புதிய குழாயைப் பூட்டுவது, சாய்ந்த சுவரில் புதிய கதவை மாட்டுவது போலாகும்.

பிள்ளைகளுக்குப் பழைய வண்டி வாங்கும் பெற்றோரும் இவற்றை மனத்திற்கொள்ளலாம். வண்டியை நேரே நிறுத்திப் பக்கவாட்டில் நின்று நோக்குக. கீழ்ப்பிடிக்குக் கீழே குழாய் பின்னோக்கிச் சாய்ந்து, முன் சில்லு எஞ்சினை நெருங்கியிருக்கிறதா? முன்புறத்தை அமுக்கி விட்டால் தடையின்றி எழுகிறதா, இடையிற் சிக்குகிறதா? குரோமியத்தில் அலைபோன்ற சுருக்கம் தெரிகிறதா? விற்பவரும், நிமிர்த்திய குழாயாயின் அதனைச் சொல்லி விற்பதே அறம். விலை சற்றுக் குறையும். அறியாத ஒருவரின் பிள்ளை அதிலேறிச் செல்லும்போது அவருக்கு உறக்கம் வரும்.

எனவே, வண்டி அடிபட்டுப் பட்டறைக்குச் சென்றால், ‘நிமிர்த்தித் தருகிறேன்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையசைக்க வேண்டாம். எவ்வளவு வளைவு, எவ்விடத்தில், மடிப்பு உண்டா என்று மரியாதையாகக் கேட்டு, அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி இக்கேள்விக்குச் சினக்கமாட்டார், மகிழ்வார். அளந்து காட்ட மறுக்கும் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டேனும் வீடு திரும்புங்கள்.