கல்வெட்டு வேண்டாம், வேன் வாடகை கொடுங்கள்



எங்கள் பகுதியில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய குமாஸ்தா அல்லவா, ஃபைல் பார்க்கத் தெரியும் என்று கொடுத்துவிட்டார்கள்.

அந்த வேலையாகப் போன மாதம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போனேன். வராந்தாவில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. மேலே கருங்கல் பலகையில் கொடுத்தவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர், தேதி எல்லாம் இருந்தன. குழாயைத் திருகினேன், சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஃபில்டர் மாற்றப் பணமில்லாமல் இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறதாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு வருகிறார்கள்.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை எங்களிடம் கேட்டிருப்பது 9,000 ரூபாய். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அரிக்கமேட்டுக்கும் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கும் அழைத்துப் போக வேன் வாடகை, திரும்பி வந்து பள்ளியில் ஒரு சிறு கண்காட்சி வைக்க அட்டை, பசை, கலர். அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் சொன்னார்: "ஒரே நாளில் செலவாகிவிடுமே சார். ஒரு பீரோ வாங்கிக் கொடுத்தால் நம் பேரோடு இருபது வருஷம் நிற்கும்." நல்ல மனிதர், தன் பென்ஷனிலிருந்து தவறாமல் கொடுப்பவர். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிப்புக்குக் கொடுப்பது நம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே கலவை சுப்பராயச் செட்டியார் பள்ளி வைத்தார். மிஷன் வீதியில் அவர் பெயரோடு அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. பாரதிதாசன் தமிழ் பயின்ற இடம். அன்று பள்ளிக்கூடமே குறைவு, அதனால் அவர் கட்டிக் கொடுத்தது சரி. இன்று கட்டடம், சம்பளம், மதிய உணவு, புத்தகம் எல்லாம் அரசு பார்க்கிறது. அரசின் எந்தத் தலைப்பிலும் எளிதில் அடங்காத சின்னச் செலவுகள்தான் நிற்கின்றன. வேன் வாடகை, நாடகத்துக்கு வேஷம், சதுரங்கப் பலகை, போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு பஸ் காசு, ஃபில்டர். இதற்கெல்லாம் ஆசிரியர்கள் தங்கள் கைக்காசைப் போடுகிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள்.

பெரிய ட்ரஸ்டுகள் ஏன் பொருளாகவே கொடுக்கின்றன என்பதற்குக் கணக்கு வழியில் ஒரு காரணம் உண்டு. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை, வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த நிதியாண்டில் செலவிட வேண்டும். தள்ளி வைக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்குப் படிவம், காரணம், கெடு எல்லாம் உண்டு. ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் அவசர அவசரமாகக் கொடுப்பார்கள். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. சுற்றுலாவும் முடியாது, நாடகமும் முடியாது. கம்ப்யூட்டரோ பீரோவோ ஒரே நாளில் வாங்கிவிடலாம், பில்லும் சுத்தமாக இருக்கும்.

நான் ஃபிரெஞ்சில் படித்தவன். எங்களுக்கு 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் படிப்பது. எங்கள் மெய்த்ர் எங்களைப் பொத்தானிக் தோட்டத்துக்கு வரிசையாக நடத்திப் போய், ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்து, பார்த்ததை எழுதச் சொன்னார். அறுபது வருடம் ஆகிறது. எங்கள் வகுப்பில் யார் பெயரில் பீரோ இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அந்த இலையின் நரம்பு நினைவிருக்கிறது.

அரிக்கமேடு நம் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோமாபுரியோடு நமக்கு இருந்த வணிகத்தை உலகுக்குக் காட்டினார். இத்தாலியிலிருந்து வந்த பானை ஓடுகளும் மது ஜாடித் துண்டுகளும் அங்கே கிடைத்தன. திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இரண்டையும் பார்க்காமலே நம் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சர்வீஸில் இருந்தபோது, ஒரு ட்ரஸ்ட் கொடுத்த பணத்தில் இப்படித்தான் ஓர் ஆசிரியை பிள்ளைகளை அழைத்துப் போனார். கணக்கு என் மேஜைக்கு வந்தது. வேன்காரர் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த ரசீது, ரெவின்யூ ஸ்டாம்பு இல்லை. 'வவுச்சர் முறையாக இல்லை' என்று எழுதித் திருப்பினேன். அந்த அம்மா மூன்று முறை வந்தார். வேன்காரரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை என்றார். விதி விதிதான் என்றேன். நான்காவது முறை வரவில்லை. பணத்தைத் தன் சம்பளத்திலிருந்து கட்டினார் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பள்ளியிலிருந்து எந்த விண்ணப்பமும் வரவில்லை. விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் எத்தனை வருடப் பிள்ளைகள் அதனால் எங்கும் போகாமல் இருந்தார்கள் என்று யோசித்தால் தூக்கம் வருவதில்லை.

கணக்கே வேண்டாம் என்று சொல்பவன் நானல்ல. முப்பது வருடம் கணக்குப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் 9,000 ரூபாய்க்கு 9 லட்சத்துக்கான கணக்கைக் கேட்கக் கூடாது. என் யோசனை இவ்வளவுதான்:

முதலாவது, பள்ளி திறந்த கையோடு கொடுங்கள். மார்ச் வரை வைத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, சின்னத் தொகையாக, ஒரே பள்ளிக்கு மூன்று வருடம் தொடர்ந்து கொடுங்கள். அடுத்த வருடமும் வரும் என்று தெரிந்தால்தான் ஆசிரியர் திட்டம் போடுவார்.

மூன்றாவது, பொருள்தான் கொடுப்பேன் என்றால், அதன் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

நான்காவது, கணக்கு ஒரே தாளில் இருக்கட்டும். தலைமை ஆசிரியர் கையெழுத்தும், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயின் கையெழுத்தும் போதும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். வேன் வந்ததா இல்லையா என்று எந்த ஆடிட்டரை விடவும் அவர்களுக்குத் தெரியும்.

80ஜி ரசீது கிடைக்குமா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய வரிமுறைக்கு மாறிவிட்ட நம் போன்ற பென்ஷன்காரர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. ஆகவே வரிக்காக என்று இல்லாமல், மனசுக்குப் பிடித்ததற்கே கொடுக்கலாம்.

தாய் தகப்பன் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதனால் வரும் கூட்டத்தில் என் பங்காக 3,000 ரூபாயை என் தாயார் பெயரில் அந்த வேனுக்குக் கொடுக்கப் போகிறேன். பலகை வேண்டாம், பிள்ளைகள் வந்து வைக்கும் கண்காட்சியில் ஓர் அட்டையின் மூலையில் பெயர் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். மீதி 6,000 தேவை. பீரோ நண்பர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.