நடந்தறிய வேண்டிய நாடு

எமது கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் கல்விச் சுற்றுலாவைப் பற்றி இம்மலரிற் சில கூற விழைகின்றோம். பழைய மாணவர் பலர்க்கு அஃது இனிய நினைவு. எனினும் அதன் இன்றைய போக்கு எமக்குத் திருப்தி தருவதன்று. மூன்று நாளிற் பத்து இடங்கள். ஒவ்வோரிடத்திலும் அரைமணி நேரம். இறங்குதல், படம் பிடித்தல், மீண்டும் பஸ்ஸில் ஏறுதல். இவ்வளவே அதன் நிகழ்ச்சிநிரல்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் கூட்டமொன்றுடன் நாமும் ஓட்டன் சமவெளிக்குச் சென்றோம். வழியிற் காலையுணவுக்காகத் தாமதித்து, உலக முடிவை அடைந்தபோது பதினொரு மணியாயிற்று. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் அவ்விடத்தைப் பெரும்பாலும் முகில் மூடிவிடும் என்பதை எம்முள் எவரும் அறிந்திலோம். ஏறக்குறைய 880 மீற்றர் ஆழமான பள்ளத்தின் விளிம்பில் வெண்முகிலை நோக்கி நின்றோம். நிலம் எங்கே முடிகின்றதெனத் தெரியாது மாணவர் இருவர் முன்னே அடிவைத்தனர். வேறொரு கூட்டத்தை வழிநடத்தி வந்த தோட்டத்து இளைஞர் ஒருவர், "தம்பி, அங்கேயே நில்லுங்க!" எனக் குரல் கொடுத்திராவிடின் அன்றைய பொழுது எவ்வாறு முடிந்திருக்குமென எண்ணவும் அஞ்சுகின்றோம்.

திரும்பும் வழியில் அவ்விளைஞர் எம்முடன் நடந்தார். மரக்கிளைகளிற் படர்ந்த பாசி முகிலின் ஈரத்தைப் பற்றித் துளிதுளியாக நிலத்துக்கு ஊட்டுவதைக் காட்டினார். அங்குள்ள ஓடைகள் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் தருவதை விளக்கினார். வற்றாத ஆறொன்றேனும் இல்லாத யாழ்ப்பாணத்திலே கிணற்று நீரை நம்பி வளர்ந்தவர் எம் பிள்ளைகள். 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கும் மகாவலியின் பெயரைப் புவியியற் பாடத்திற் பலமுறை மனனஞ் செய்தவர். அந்நதிக்கு நீரூட்டும் ஓடையொன்றில் அன்று கை நனைத்து வாய்பேசாது நின்றனர். பத்து இடங்களில் அவர்கள் மறவாதது அவ்வோரிடமே.

வழியறிந்தவரோடு கூடி நடத்தல் எமக்குப் புதிய வழக்கமன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம், முன்பு சென்று வந்தவரைத் தலைவராகக் கொண்டே குமண, யால காடுகளைக் கடக்கின்றது. சிவனொளிபாத மலையேறும் சிங்கள யாத்திரிகரும் 'நடே குரா' எனும் தலைவர் சொற்படி நடக்கும் மரபுடையர். பக்தர் பேணிய இவ்வொழுங்கை மாணவர் கைக்கொள்ளல் தகாதோ?

மலைநடை ஆபத்தன்றோ எனப் பெற்றோர் வினவுவர். வினா நியாயமானதே. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டில் நிகழ்ந்த மண்சரிவுகளை எவரும் மறந்திலர். ஆயினும் ஆபத்து பெரிதாவது மலையின் குணம் அறியாது அங்கே செல்வதனாலேயாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாளிற் பயணத்தை நிறுத்தவேண்டும். மழைக்காலத்தில் அருவியின் கீழ் இறங்கலாகாது. இவற்றைச் சொல்லும் அறிவும் துணிவும் அவ்விடத்து வழிகாட்டிக்கே உண்டு. நாட்குறிப்பிட்டு முற்பணம் செலுத்திய சுற்றுலாவோ எவ்வாறாயினும் புறப்பட்டுவிடும்.

பணம் வேண்டுமே என்பாரும் உளர். பத்து இடங்களுக்கு ஓடும் பஸ் செலவில் ஒரு பகுதியே ஓரிடத்து வழிகாட்டிக்குத் தக்க ஊதியம் வழங்கப் போதும். அவ்வூதியம் மலையகத்துத் தமிழ் இளைஞர் ஒருவரின் இல்லத்தையோ, சிங்களக் கிராமத்தவர் ஒருவரின் இல்லத்தையோ சேரும். தேயிலையைப் பருகியே அறிந்த எம் பிள்ளைகள், அதைப் பறிக்கும் மக்களோடு ஒருநாளேனும் உரையாடி நடப்பர். இப்பயனைப் பாடநூல் தராது.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இந்த ஜூபிலி ஆண்டு தொடக்கம், ஆண்டுக்கொரு மலைநடையை ஏற்று நடத்துக. மாணவர் இருபதின்மருக்கு மேற்படாதிருத்தல் நன்று. விடியுமுன் புறப்படுக, கூட்டத்தில் மெல்ல நடப்பவன் வேகமே யாவர்க்கும் வேகமாகுக, கொண்டுசென்ற பொலித்தீனும் போத்தலும் மீண்டு வருக. முதியவராகிய நாமும், முழங்கால் இடந்தருமளவும், பின்வரிசையில் வரச் சித்தமாயுள்ளோம்.