செல்போனுக்கும் மூச்சு வாங்குமா?

செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. 2025 ஜூலை 11-ந்தேதி பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு இந்த முடிவை எடுத்தது. மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகள் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான்.

கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். ஏறுகிறவர்கள் வழியெல்லாம் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். உச்சி வெயிலில் போன் கொதிக்கிறது. படம் திக்கித் திணறுகிறது. "போன் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்" என்று பயந்துவிடுகிறார்கள்.

உண்மையில் போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை!

தற்காப்பு

செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மூளை போன்றது, "பிராசசர்" என்ற சின்னஞ்சிறு சில்லு. வேலை கூடினால் அது அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும். கம்ப்யூட்டர் சில்லுகள் பலவற்றுக்குச் சுமார் 100 டிகிரி எல்லை. அதை நெருங்கியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூச்சு வாங்கினால் மலை ஏறுகிறவர் நடையைத் தளர்த்துகிறார் அல்லவா? அதைப் போலத்தான்!

ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது. கோடையில் செஞ்சி வெயில் அதைத் தாண்டுவது சாதாரணம்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2022 ஜூலை 19-ந்தேதி லண்டனில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டது. கூகுள் கம்பெனியின் கம்ப்யூட்டர் கூடத்தில் குளிரூட்டும் சாதனம் பழுதாகி, சில சேவைகள் நின்றுபோயின.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் வேகமாக ஓடி, கடும் வேலையில் சூடேறிய பிறகு மந்தமானால், காரணம் சூடு. ஆறியதும் பழைய வேகம் திரும்பும்.

குளிர்ச்சியாக இருக்கும்போதே மந்தமா? காரணம் வேறு. இடம் நிரம்பியிருக்கலாம், பாட்டரி தேய்ந்திருக்கலாம். பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பாட்டரியை மாற்றியதும் வேகம் திரும்பியது.

போன் சூடானால் உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள். சார்ஜ் போடாதீர்கள். பிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் என்றால் விசிறியைப் பாருங்கள். தூசி அடைத்திருக்கும். சில்லின் மேல் பூசிய பசை காய்ந்திருக்கும். துடைத்து, புதுப் பசை பூசினால் பல கம்ப்யூட்டர்கள் பிழைத்துக்கொள்ளும்.

மகனின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கம்ப்யூட்டர் நகர மறுக்கிறது. அந்த அவசரத்தில் கடனை வாங்கிப் புதிது வாங்கும் குடும்பங்கள் உண்டு. கடனுக்குப் போகுமுன், அந்த விசிறியை ஒரு தடவை துடைத்துப் பார்க்கட்டும்!