காசநோய்க் கிருமியின் வம்சாவளி

பொழுது புலருமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் மலையேறுகின்றன. நெருக்கியடித்துச் செல்லும் நம் பங்கு மக்களுள் இருவர் காசநோயுற்றால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா, தனித்தனியே வந்ததா?

கிருமியின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசிக்கும் முறை இதற்கு விடை தேட உதவுகிறது. காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 44 இலட்சம் மரபெழுத்துக்கள் உண்டு. 1998-இல் அவை முழுவதும் வாசிக்கப்பெற்றன. கிருமி பெருகுகையில் எப்போதேனும் ஓர் எழுத்துப் பிறழும். இருவரின் கிருமிகளிடையே சில எழுத்துக்களே வேறுபடின் அவை நெருங்கிய உறவின. நூற்றுக்கணக்கில் வேறுபடின் அண்மைத் தொடர்பில்லை. ஆயினும் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை இது மட்டுமே மெய்ப்பிக்காது. அயலாரைப் பழிக்கக் காரணம் தேடுவோர் நம்மிடையே உளராதலின் இதனை அழுத்திக் கூறுகிறோம்.

நோயாளிக்குப் பெரும்பயன் வேறு. எம்மருந்துகள் பலிக்கா என்பதையும் அவ்வெழுத்துக்களே காட்டுகின்றன. பழைய முறையிலோ மருந்திட்டுப் பார்த்தறிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2017 முதல் இது வழக்கமான சோதனையாகிவிட்டது. நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதி இல்லை.

மகளின் திருமணம் தடைபடுமென்று நோயை மறைத்து, மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் இல்லங்களை நாம் அறிவோம். மருந்துக்கு அடங்காத கிருமி அவ்வாறே உருவாகிறது. இரு வாரம் இருமல் நீடிப்பின் அரசு மருத்துவமனையில் சளிச் சோதனை இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது.